முதல் வெட்சூட் வாங்கப் போறீங்களா? விலையைப் பார்க்கும் முன் தண்ணீரின் வெப்பத்தைப் பாருங்க!

பதிவுக் கட்டணம் கட்டியாச்சு. விசாவுக்கும் விண்ணப்பம் போட்டாச்சு. சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் வைத்து விமானத்தில் ஏற்றுவது எப்படி என்பதைக்கூட யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் டிரையத்லான் ஏற்பாட்டாளர்கள் அனுப்பும் கையேட்டில் அந்த ஒரு வரி கண்ணில் படும்: தண்ணீர் 18 டிகிரி அளவில் இருக்கலாம், வெட்சூட் அணிவது நல்லது.

சென்னையில் நீச்சல் பழகியவருக்கு 18 டிகிரி என்பது ஏ.சி. ரிமோட்டில் மட்டுமே பார்த்த எண். இங்கே கடல் நீர் ஜனவரியில்கூட 26 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். மே மாதத்தில் 30-ஐத் தொடும். அதனால் கோபன்ஹேகன், ஹாம்பர்க், ஆஸ்திரேலியாவின் பஸ்ஸல்டன் என்று வெளிநாட்டுப் பந்தயங்களுக்குக் கிளம்பும் நம்ம ஊர் டிரையத்லான்காரர்கள் பலருக்கும், வாழ்க்கையில் ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்காத ஒரு உடையை ஆன்லைனில் வாங்க வேண்டிய நிலை வருகிறது. அதுவும் இருபதாயிரம், முப்பதாயிரம் ரூபாய் கொடுத்து. தப்பான அளவில் வாங்கினால் பணம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். நடு ஏரியில் கழுத்தை இறுக்கும் உடையோடு மூச்சு வாங்க நிற்பது வேறு விஷயம்.

முதலில், தேவைதானா?

வெட்சூட் என்பது எல்லா டிரையத்லானுக்கும் போட்டுக்கொள்ளும் சீருடை அல்ல. தண்ணீரின் வெப்பத்தைப் பொறுத்து அதற்குத் தடையும் உண்டு, கட்டாயமும் உண்டு.

இந்த விளையாட்டின் உலக அமைப்பான வேர்ல்ட் டிரையத்லானின் விதிப்படி, வயதுப் பிரிவுகளில் கலந்துகொள்ளும் சாதாரணப் போட்டியாளர்களுக்கு 1,500 மீட்டர் வரையிலான நீச்சலில் தண்ணீர் 22 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் வெட்சூட்டுக்குத் தடை. அதைவிட நீளமான நீச்சல் என்றால் 24.6 டிகிரியில் தடை தொடங்குகிறது. தண்ணீர் 15.9 டிகிரி அல்லது அதற்குக் கீழே போனால், போட்டே ஆக வேண்டும். முன்னணி வீரர்களுக்கு அளவு இன்னும் குறைவு. 20 டிகிரியிலேயே கழற்றச் சொல்லிவிடுவார்கள். அயர்ன்மேன் போட்டிகளில் சாதாரணப் போட்டியாளர்களுக்கு 24.5 டிகிரி வரை அனுமதி. சில நாடுகளிலும் சில தனிப் போட்டிகளிலும் கொஞ்சம் மாறும் என்பதால், அந்தந்தப் போட்டியின் கையேட்டைப் படித்துவிடுவது நல்லது.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. குளிரில் காப்பாற்றும் அதே உடை, வெதுவெதுப்பான தண்ணீரில் வேகமாக நீந்தும்போது உடம்புச் சூட்டை வெளியே விடாது. வெயிலில் ஓடி மயங்கி விழுவது போலவே, தண்ணீருக்குள்ளும் சூட்டால் சுருண்டு விழ முடியும்.

ஆக, கோவாவில் 2019-இல் தொடங்கிய அயர்ன்மேன் 70.3 போட்டிக்கோ, மலேசியாவின் லங்காவிக்கோ போகிறவர் வெட்சூட் பற்றி நினைக்கவே வேண்டாம். அங்கெல்லாம் தண்ணீர் 28 டிகிரியைத் தாண்டி இருக்கும். அயர்ன்மேன் பிறந்த ஹவாயிலேயே வெட்சூட் கிடையாது. அந்த மாதிரி இடங்களுக்கு டிரை-சூட் போதும். கொஞ்சம் வேகம் கூடட்டும் என்று நினைப்பவர்கள் அதற்கு மேல் ஸ்விம்ஸ்கின் எனப்படும் மெல்லிய துணி உடையைப் போட்டுக்கொள்வார்கள். அதில் ரப்பர் இருக்காது.

கோவாவில் ஒரு பந்தயம், அதோடு சரி என்பவர் இங்கேயே படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். முப்பதாயிரம் மிச்சம்.

நனையத்தான் இந்த உடை

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் உடை அல்ல இது. நனையும். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்களுக்காக யோசித்துக்கொண்டிருந்த இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் கண்டுகொண்டது இதைத்தான்: உடம்பு நனையாமல் இருக்கத் தேவையில்லை, உடைக்குள் நுண்ணிய வாயுக் குமிழிகள் அடைபட்டிருந்தால் போதும், அவை வெப்பத்தை வெளியே விடாது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அந்தத் தண்ணீருக்கும் தோலுக்கும் நடுவே லட்சக்கணக்கான குமிழிகளை நிறுத்துவதுதான் வேலை. அந்தக் குமிழிகளைப் பிடித்து வைத்திருப்பது நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர். 1930-இல் டுபான்ட் நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்டது.

குமிழி இருப்பதால் இன்னொரு லாபம், மிதப்பு. நீந்தும்போது பலருக்குக் கால்கள் கீழே தொங்கும். உடம்பு சாய்வாக நின்று தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். வெட்சூட் போட்டதும் இடுப்பும் காலும் மேலே வந்துவிடும். 1989-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில், விநாடிக்கு 1.25 மீட்டர் வேகத்தில் நீந்தும்போது தண்ணீரின் இழுவை 14 சதவீதம் குறைந்தது. நீச்சலில் சுமாரானவருக்குத்தான் இதில் பலன் அதிகம். பள்ளிக் காலத்திலிருந்து குளத்தில் வளர்ந்தவருக்கு ஏற்கெனவே கால் மேலேதான் இருக்கும். கால் பக்கம் ரொம்பத் தடிமனான உடையைப் போட்டால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, உதைப்பு தண்ணீருக்கு வெளியே போய்விடுகிறது என்று அவர் புலம்புவார்.

டிரையத்லானுக்கென்றே தனி வெட்சூட் வந்தது 1987-இல்தான். கலிஃபோர்னியாவில் குயின்டானா ரூ நிறுவனத்தைத் தொடங்கிய டான் எம்ஃபீல்ட் அதைக் கொண்டுவந்தார். அதுவரை அலைச்சறுக்கு உடையை மாட்டிக்கொண்டுதான் நீந்தினார்கள். இப்போதும் ஒரு நண்பர், “என்கிட்ட டைவிங் சூட் ஒண்ணு சும்மாதான் கிடக்கு, எடுத்துட்டுப் போடா” என்று நல்ல மனசோடு சொல்லக்கூடும். வேண்டாம் என்று சொல்லிவிடுவதே நல்லது. டைவிங் உடையின் வெளிப்புறம் துணி ஒட்டியிருக்கும். தண்ணீரைப் பிடித்து இழுக்கும். தோள் பகுதி விறைப்பாக இருக்கும். நூறு தடவை கையைச் சுழற்றியதும் தோள் கெஞ்சும். தடிமனும் பிரச்சினை. வேர்ல்ட் டிரையத்லான் விதிப்படி 5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. டைவிங் உடைகளில் 7 மில்லிமீட்டர் சர்வசாதாரணம். டிரையத்லான் உடையில் நெஞ்சு, தொடைப் பகுதிகளில் 3 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும். தோளிலும் கையிலும் 1.5 அல்லது 2 மில்லிமீட்டர்தான். வெளிப்புறம் வழுவழுவென்று பூச்சு பூசியிருக்கும்.

கை வைத்ததா, கை இல்லாததா? கை இல்லாதது விலை குறைவு, தோளுக்குச் சுதந்திரம். ஆனால் அக்குள் வழியாகத் தண்ணீர் புகும், குளிரும். 18 டிகிரிக்குப் போகும் சென்னைக்காரருக்குக் கை வைத்ததே சரி.

அளவில்தான் எல்லாமே இருக்கு

முதல்முறை வாங்குபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. எந்த பிராண்ட், எந்த ரப்பர், எத்தனை மில்லிமீட்டர் என்று இரவெல்லாம் தேடுவார்கள். அளவுப் பட்டியலை மட்டும் அரை நிமிடம் பார்த்துவிட்டு, “எனக்கு எப்பவும் எம்-தான்” என்று பட்டனைத் தட்டிவிடுவார்கள்.

ஓர்கா, சோன் 3, ஹப், புளூசெவன்டி, செய்ல்ஃபிஷ், ரோக்கா என்று எந்த நிறுவனத்தின் பட்டியலை எடுத்தாலும் உயரம், எடை, மார்புச் சுற்றளவு கேட்டிருக்கும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு அளவு. ஒன்றின் ‘எம்’ இன்னொன்றின் ‘எஸ்’. உதாரணத்துக்கு, 167 சென்டிமீட்டர் உயரம், 75 கிலோ எடை, லேசான தொப்பை. நம்ம ஊர் அலுவலகங்களில் சாதாரணமாகப் பார்க்கும் உடம்புதான். உயரம் ஒரு அளவைச் சொல்லும். எடை அதற்கு அடுத்த பெரிய அளவைச் சொல்லும். அப்போது எடையையும் மார்புச் சுற்றளவையும் கேட்பதே சரி. கால் பக்கம் நீளமாக இருந்தால் பிரச்சினையில்லை. கணுக்காலுக்கு மேலே கத்தரியால் வெட்டிக்கொள்ள பல நிறுவனங்களே அனுமதிக்கின்றன. கால் வழியாகக் கழற்றவும் அது வசதி. மார்பில் இறுக்கமாக இருப்பதை எந்தக் கத்தரியாலும் சரிசெய்ய முடியாது.

பெண்களுக்கான உடையில் தோள், மார்பு, இடுப்பு வெட்டு வேறு. ஆனாலும் தோள் அகலமான பெண்கள் சிலருக்கு ஆண்கள் உடை கச்சிதமாகப் பொருந்துவதும், ஒல்லியான ஆண்களுக்குப் பெண்கள் உடை பொருந்துவதும் உண்டு. லேபிளைப் பார்த்துக் கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

இன்னொரு விஷயம், எப்போது வாங்குவது. பந்தயத்துக்கு எட்டு மாதம் முன்பே ஆர்வத்தில் வாங்கிவிடுவார்கள். பயிற்சி தொடங்கி ஐந்தாறு கிலோ குறைந்திருக்கும். கச்சிதமாக இருந்த உடை இடுப்பில் தொளதொள என்று ஆகி, முதுகுப் பக்கம் தண்ணீர் தேங்கும். எடை ஓரளவு நிலைக்கு வந்த பிறகு, பந்தயத்துக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது வாங்கினால் போதும்.

உடை வந்து சேர்ந்ததும் முதல் வேலை நகம் வெட்டுவது. சிரிப்பாகத் தோன்றும், ஆனால் வழுவழுப்பான இந்த ரப்பரில் நகம் பட்டால் பிறை நிலா மாதிரி கீறல் விழும். கீறல் விழுந்த உடையைக் கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார். மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் கழற்றிவிட்டு, ஏ.சி. அறையில் போட்டுப் பார்க்க வேண்டும். வியர்த்த உடம்பில் ரப்பர் ஏறாது. காலில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு ஏறும். நகத்தால் இழுக்காமல் விரல் நுனிச் சதையால் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்ற வேண்டும். தொடை இடுக்கு வரை முழுசாக ஏறிய பிறகுதான் கைக்கு வர வேண்டும். கீழே அரை அங்குலம் விட்டுவிட்டால் மேலே தோள் இழுக்கும். பலர், “சூட் சின்னதா இருக்கு” என்று திருப்பி அனுப்புவது உண்மையில் சரியாக மேலேற்றாத உடையைத்தான். முதல்முறை கால் மணி நேரம் ஆனாலும் ஆகும்.

போட்ட பிறகு எதைப் பார்ப்பது? இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினால் அக்குளில் ரப்பர் ஒட்டியே இருக்க வேண்டும்; கூடாரம் மாதிரி இடைவெளி விட்டால் கைவீச்சுக்குக் கைவீச்சு தண்ணீரைச் சுமக்க வேண்டிவரும். இடுப்புக்கு மேலே முதுகு வளைவில் பை மாதிரி தொங்கக் கூடாது. நின்றபடி ஆழமாக மூச்சு இழுத்தால் நெஞ்சு விரிய வேண்டும். தரையில் இறுக்கமாகத்தான் இருக்கும், தண்ணீரில் கொஞ்சம் இளகும் என்பது உண்மையே. ஆனால் கழுத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. பட்டை கழுத்தோடு ஒட்டி இருக்கலாம், எச்சில் விழுங்கும்போது தடுக்கக் கூடாது. பத்து நிமிடம் அப்படியே நடந்து பார்த்து, கழுத்துப் பட்டையை இழுத்து இழுத்து விடத் தோன்றினால் அந்த உடை வேண்டாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1985 முதல் 2016 வரை அமெரிக்க டிரையத்லான்களில் நடந்த திடீர் மரணங்களையும் இதய நிறுத்தங்களையும் தொகுத்த மருத்துவ ஆய்வு 2017-இல் வெளியானது. 135 பேரில் 90 பேருக்கு அது நேர்ந்தது நீச்சலின்போது. காரணம் வெட்சூட் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. இறந்தவர்களை உடற்கூறாய்வு செய்ததில் கணிசமானோருக்கு ஏற்கெனவே இதயப் பாதிப்பு இருந்தது தெரிந்தது. ஆனால் குளிர்ந்த நீர், கூட்டம், பதற்றம் எல்லாம் ஒன்றுசேரும் இடம் நீச்சல்தான். அங்கே மூச்சை முட்டும் உடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை. நாற்பதைத் தாண்டியவர் வெட்சூட்டுக்குச் செலவழிக்கும் முன் ஒரு இதயப் பரிசோதனைக்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

விலை கூடினால் என்ன கூடும்?

ஆரம்ப நிலை உடைகள் 150 முதல் 250 டாலர். நடுத்தரம் 300 முதல் 500. உச்சத்தில் 700, ஆயிரம் டாலர் வரைக்கும் உண்டு. இந்தியாவுக்கு வரவழைத்தால் அனுப்பும் செலவு, சுங்க வரி எல்லாம் மேலே சேரும். அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்புவதும் கையைக் கடிக்கும்.

விலை ஏற ஏறக் கூடுவது கதகதப்பு இல்லை, நெகிழ்வு. தோளில் இன்னும் மெல்லிய, இன்னும் இழுபடும் ரப்பர் வைப்பார்கள். நன்றாக நீந்துபவருக்கு அது தெரியும். ஆனால் மெல்லிய ரப்பர் சீக்கிரம் கிழியும். மாட்டத் தெரியாத முதல் வருஷத்தில் விலை குறைந்த, கொஞ்சம் தடித்த ரப்பரே தாங்கும். சரியான அளவில் 200 டாலர் உடை, தப்பான அளவில் 800 டாலர் உடையை எப்போதும் தோற்கடிக்கும்.

ஒரே ஒரு குளிர்நீர்ப் பந்தயம்தான் திட்டம் என்றால் வாடகையே மேல். பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா போன்ற இடங்களில் டிரையத்லான் வெட்சூட் வாடகைக்குக் கிடைக்கும். பிரிட்டனில் ஒரு சீசன் முழுக்க வாடகைக்கு எடுத்து, பிடித்திருந்தால் மீதிப் பணம் கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் வழியும் இருக்கிறது. வாடகைக்குப் போய்வந்த உடைகளை சீசன் முடிவில் குறைந்த விலைக்கு விற்பார்கள். லண்டனிலோ டொரன்டோவிலோ அண்ணனோ சித்தப்பா பையனோ இருந்தால், ஊருக்கு வரும்போது ஒன்று வாங்கிவரச் சொல்லலாம். அளவெடுத்து அனுப்ப வேண்டியது நம் பொறுப்பு. பழைய உடை வாங்கும்போது தையல்களை வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்க வேண்டும், அக்குளையும் தொடை இடுக்கையும் குறிப்பாக. முகர்ந்தும் பார்க்கலாம். குளிர்ந்த தண்ணீரில் நெடுநேரம் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்பதைப் பற்றி இந்த விளையாட்டில் யாரும் மேடையில் பேசுவதில்லை.

சென்னையில் எங்கே பழகுவது?

நியாயமான கேள்வி, முழுத் திருப்தி தரும் பதில் இல்லை. 29 டிகிரி குளத்தில் வெட்சூட்டோடு ஒரு மணி நேரம் பயிற்சி செய்வது ஆபத்து. அளவைச் சோதிக்க, காலையில் ஆளில்லாத நேரத்தில் ஐந்து பத்து நிமிடம் மெதுவாக நீந்திப் பார்க்கலாம். சூடு ஏறுகிறது என்று தோன்றிய உடனே கரையேறிவிட வேண்டும். குளோரின் ரப்பருக்கு ஆகாது என்பதால் உடனே நல்ல தண்ணீரில் அலசுவது அவசியம்.

கால் மேலெழும்பி நீந்தும் உணர்வுக்கு வெட்சூட்டே தேவையில்லை. தொடைகளுக்கு நடுவே புல்பாய் வைத்து நீந்தினால் கிட்டத்தட்ட அதே நிலைதான். மீதிப் பயிற்சி பந்தயம் நடக்கும் ஊரில். மூன்று நான்கு நாள் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். பெரும்பாலான பெரிய போட்டிகளில் முந்தைய நாள்களில் அதே தண்ணீரில் பயிற்சி நீச்சலுக்கு நேரம் ஒதுக்குவார்கள். ஊர் சுற்றிப் பார்ப்பதை விட்டுவிட்டாவது அதற்குப் போக வேண்டும். முகத்தில் குளிர்ந்த நீர் பட்டதும் மூச்சு திக்கித் திணறுவது எல்லாருக்கும் நடக்கும். ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கும். அது அடங்கும் என்று உடம்புக்கு ஒருமுறை தெரிந்துவிட்டால் பந்தயத்தன்று பாதி பயம் போய்விடும்.

பந்தயக் காலையில் கழுத்தைச் சுற்றி உராய்வைத் தடுக்கும் களிம்பு தடவிக்கொள்ள வேண்டும். உப்பு நீரில் ரப்பர் உரசினால் அன்று மாலை குளிக்கும்போது தெரியும். பெட்ரோலியம் ஜெல்லி மட்டும் வேண்டாம். ரப்பரைக் கெடுக்கும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். ஜிப் முதுகுப் பக்கம் இருக்கும். பக்கத்தில் நிற்பவரிடம், “அண்ணா, கொஞ்சம் ஜிப் போட்டுவிடுறீங்களா?” என்று கேட்க எந்த நாட்டிலும் தயங்க வேண்டாம். மொழி தெரியாவிட்டால் முதுகைக் காட்டினால் போதும், புரிந்துகொள்வார்கள்.

இறங்கியதும் கழுத்துப் பட்டையை லேசாக இழுத்துக் கொஞ்சம் தண்ணீரை உள்ளே விட்டால் உடை உடம்போடு படியும். நடுவில் மூச்சு முட்டினால் மல்லாந்து மிதக்கலாம். வெட்சூட் மூழ்க விடாது. கையைத் தூக்கினால் கயாக் வரும். அதைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுப்பதால் தகுதி நீக்கம் கிடையாது. பிடித்தபடி முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். முதல் பந்தயத்துக்குப் போகும் பலருக்கு இந்த விதி தெரிவதில்லை.

கரையேறி ஓடும்போதே ஜிப்பை இறக்கி இடுப்பு வரை உரித்துவிடுவது வழக்கம். தண்ணீர் சொட்டும்போது எளிதாக வரும். உலர்ந்துவிட்டால் உருவி எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். கடைசியில் கால் சிக்கிக்கொண்டால் இன்னொரு காலால் மிதித்து உருவிக்கொள்ளலாம்.

ஊர் திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசி, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, நிழலில் காயப்போட வேண்டும். மெல்லிய கம்பி ஹேங்கரில் தோளைத் தொங்கவிட்டால் அந்த இடமே நீண்டுவிடும். தடித்த ஹேங்கரில் இடுப்பில் மடித்துப் போடலாம். மொட்டைமாடிக் கொடியும், வெயிலில் நிற்கும் காரின் டிக்கியும் கூடவே கூடாது. அடுத்த குளிர்நீர்ப் பந்தயம் இல்லையென்றால் பீரோவில் வைத்துக் கெடுக்காமல், உள்ளூர் டிரையத்லான் வாட்ஸ்அப் குழுவில் உயரம், எடை, மார்புச் சுற்றளவோடு ஒரு படம் போட்டால் ஹாம்பர்க் போகும் யாராவது கேட்பார்கள். நகக் கீறல் இருந்தால் அதையும் படத்தில் காட்டிவிடணும்.